ஞானசுந்தரி நினைவுக் கோப்பை

தான் இறந்துபோன விஷயம் ஞானசுந்தரிக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில்தான் தெரியவந்தது. அன்றைக்கு அவளுக்கு உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. வீட்டில் நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டு, கொட்டச்சேட்டிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே ஏற்காடு வந்து இறங்கி, முந்தின நாள் சாயங்காலம் கணவர் மறந்து வைத்துவிட்டு வந்த மூக்குக் கண்ணாடியை வாங்கிப் போகலாம் என்று மலையரசி கிளப்புக்குள் நுழைந்தாள். கூடத்துச் சுவரில், பில்லியர்ட்ஸ் மேசைக்கு நேர் மேலே, அவள் படம் மாட்டியிருந்தது. படத்துக்குச் சந்தன மாலை. மாலைக்கு மேலே சிவப்பாக ஒரு ஜீரோ வாட் பல்பு.

படத்தில் இருந்தவளுக்கு இருபத்தாறு வயது. வெள்ளைப் பாவாடை, கையில் டென்னிஸ் மட்டை, முகத்தில் அப்போதுதான் யாரையோ தோற்கடித்துவிட்டு வந்த சிரிப்பு. நல்ல தோள்பட்டை என்றுதான் ஞானசுந்தரி முதலில் நினைத்தாள். அது தன் தோள்பட்டை என்பது அப்புறம்தான் உறைத்தது.

பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். கிளப் செயலாளர் குஞ்சிதபாதம். ஏதோ ஓர் அரசாங்க இலாகாவில் முப்பது வருடம் கையெழுத்துப் போட்டு ஓய்வுபெற்று, காற்று மாற்றத்துக்காகச் சிதம்பரத்திலிருந்து மலையேறியவர். வந்து இரண்டு வருடம் ஆகவில்லை. உறுப்பினர்களிலேயே வேலைவெட்டி இல்லாதவர் அவர் ஒருவர்தான் என்பதால் போட்டியின்றிச் செயலாளர் ஆகிவிட்டார்.

"மாநில சாம்பியன்" என்றார், குரலைத் தாழ்த்தி. "மூணு வருஷம் தொடர்ந்து. இந்த மலையிலேயே இருந்தவங்க."

"அப்படிங்களா."

"சின்ன வயசு. கடவுளுக்குப் பொறுக்கலை."

"என்ன ஆச்சுங்க அவுங்களுக்கு?"

குஞ்சிதபாதம் பல்பைப் பார்த்தார். அவருக்குத் தெரியாது. ஆனால் தெரியாது என்ற காரணத்துக்காக அவர் இலாகாவில் எந்த ஃபைலையும் திருப்பி அனுப்பியதில்லை. "ஆடிக்கிட்டிருக்கும்போதேன்னு சொல்றாங்க. கையில மட்டையோட."

"அந்தப் பாயிண்டு யாருக்குப் போச்சுங்க?"

இதென்ன ஈவிரக்கமில்லாத பொம்பளை என்று அவர் முகம் சுளித்தது. "நீங்க யாரும்மா?"

"அவுங்கதானுங்க நானு."

குஞ்சிதபாதம் படத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். "தங்கச்சியா?" என்றார்.

விசாரணைக்கு மாரிசாமி வரவழைக்கப்பட்டான். மாரிசாமிதான் கிளப்பின் மார்க்கர். கோடு போடுவது, வலை கட்டுவது, பந்து பொறுக்குவது, மட்டையில் அறுந்த நரம்பைக் கட்டித் தருவது எல்லாம் அவன் பொறுப்பு. ஞானசுந்தரியைக் கண்டதும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "வாங்கம்மா, நொம்ப நாளாச்சு" என்று வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான். தான் யாருக்கும் கருமாதி செய்துவிட்டதாக அவனுக்கு ஒரு நினைப்பும் இல்லை.

"இந்த மாலையை யாருடா போட்டது?" என்றார் குஞ்சிதபாதம்.

"நானுங்க. ஆயுத பூசைக்குப் போட்டதுங்க."

"படத்துக்கு எதுக்கு ஆயுத பூசை?"

"படத்துக்கு இல்லைங்க சாமி. அம்மா கையில மட்டை இருக்குதில்லைங்க? புல்லு வெட்டற மிசினுக்குப் போட்டேன், உருளைக்குப் போட்டேன், பில்லியர்ட்ஸ் குச்சிக்குப் போட்டேன். மட்டையை மட்டும் உட்டுட்டா நல்லா இருக்குமுங்களா? கதம்பம் வாடிப் போச்சு. வாடாம இருக்கட்டும்னு சந்தன மாலையா மாத்துனேன்."

"பல்பு?"

"இருட்டா இருந்துச்சுங்க."

குஞ்சிதபாதம் பதவி ஏற்ற அன்று இந்த மாலையும் பல்பும் கண்ணில் பட்டிருக்கின்றன. அடுத்த ஆட்சிக்குழுக் கூட்டத்திலேயே இரங்கல் தீர்மானம், அதையொட்டிக் கூடத்தில் இருந்த உறுப்பினர்கள் எல்லோருமாக இரண்டு நிமிட மௌனம், கோடை விழாப் போட்டியில் மகளிர் ஒற்றையருக்கு ஒரு நினைவுக் கோப்பை. குழுவில் அவரையும் சேர்த்து ஏழு பேர். மற்ற ஆறு பேரும் ஞானசுந்தரியை அறிந்தவர்கள். செயலாளரே சொல்கிறார் என்றால் செத்துத்தான் போயிருக்க வேண்டும், நமக்குத்தான் செய்தி வரவில்லை என்று ஆளாளுக்கு அதிர்ச்சியடைந்து, எழவு வீட்டுக்குக்கூடப் போகவில்லையே என்ற வெட்கத்தில் அவள் கணவரைக் கண்டால் ஜின் கிளாசுடன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டிருக்கிறார்கள்.

கோப்பை மேசைமேல் இருந்தது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் செய்த வெள்ளி வேலை. கொலுசு செய்யும் கை என்பதால் விளிம்பில் சின்னச் சின்னச் சலங்கைகூட வைத்திருந்தார்கள். நடுவே 'திருமதி ஞானசுந்தரி நினைவுக் கோப்பை' என்று ஆழமாக வெட்டியிருந்தது. ஞானசுந்தரி அதைக் கையில் எடுத்தாள். லேசாகச் சலங்கை குலுங்கியது.

ஒரு வருடம் ஓய்வு என்றுதான் படத்தில் இருந்த அந்த வயதில் மட்டையைக் கீழே வைத்தாள். அப்புறம் ஒரு மகள் பிறந்தாள், ஒரு மகன் பிறந்தான், மிளகுக்கொடி படர்ந்தது, ஆரஞ்சுக்கு நோய் வந்தது. வருடங்கள் அதுபாட்டுக்குப் போய்விட்டன. யாரும் அவளிடம் டென்னிஸ் பற்றிப் பேசுவதில்லை. அவளும் பேசுவதில்லை. அந்த மாலையைப் பார்த்தபோது ஓர் அரை நிமிடம் அது அவளுக்குச் சரியாகத்தான் பட்டது. அந்த அரை நிமிடத்தை நினைக்க நினைக்கத்தான் இப்போது காது மடல் சூடாகிக்கொண்டு வந்தது.

"இந்த 'நினைவு'ங்கறதை எடுத்துருங்க" என்றாள்.

"சாத்தியமில்லம்மா. தீர்மானம் நிறைவேத்தியாச்சு. சப் கலெக்டருக்கு அழைப்பு போயாச்சு. வெள்ளியில வேற வெட்டியாச்சு."

"நான் உசுரோட இருக்கறனேங்க."

"எனக்குத் தெரியுதும்மா. கமிட்டிக்குத் தெரியணுமே."

"அப்ப நானும் ஆடறேன். பேரு எழுதிக்கங்க."

குஞ்சிதபாதம் விதிப் புத்தகத்தை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை படித்தார். வெள்ளை உடை கட்டாயம். கோர்ட்டில் வெற்றிலை போடக் கூடாது. நாய்களை அழைத்து வரக் கூடாது. காலமானவர்கள் கலந்துகொள்ளக் கூடாது என்று எங்கேயும் இல்லை. அவர் புத்தகத்தை மூடினார். பிறகு, வாழ்நாளில் எத்தனையோ சிக்கலான கோப்புகளை முடித்துவைத்த நிதானத்தோடு ஒரு வழி சொன்னார்.

"ஒரு தீர்மானத்தை ரத்து பண்ணணும்னா புது ஆதாரம் வேணும். நீங்க கோப்பையை ஜெயிச்சா அதையே ஆதாரமா வெச்சு அந்த வார்த்தையைச் சுரண்டிடலாம். தோத்துட்டா, மன்னிக்கணும், இருக்கறபடியே இருந்துட்டுப் போகட்டும்."

"சரிங்க" என்றாள் ஞானசுந்தரி. மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டு பஸ் ஏறினாள்.

அவள் கணவர் தேவசிகாமணி கொட்டச்சேட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டின் மேனேஜர். சாதுவான மனிதர், கிளப்பில் சீட்டை விட்டு நிமிர்ந்து சுவரைப் பார்க்கிற வழக்கம் இல்லாதவர். கண்ணாடி இல்லாமல் செய்தித்தாளைக் கை நீட்டம் தள்ளிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க, கிளப்புல ரெண்டு நிமிசம் எந்திரிச்சு நின்னீங்களா?"

"எப்ப?"

"செத்தவங்களுக்கு."

"ஆமா, நின்னேன். எல்லாரும் நின்னாங்க, நானும் நின்னேன்."

"யாருக்குன்னு கேக்கலீங்களா?"

"அதெப்படி சுந்தரி கேக்கறது? மௌன அஞ்சலி. பேசக் கூடாது."

"முடிஞ்சப்புறம் கேட்டிருக்கலாமில்ல?"

"முடிஞ்சதும் போண்டா வந்துருச்சு."

விஷயம் முழுவதையும் கேட்டுவிட்டு அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். பிறகு, "முட்டி தாங்குமா?" என்றார்.

"ரெண்டும் இருக்குது. பாக்கலாம்."

"போடறதுக்கு வெள்ளைத்துணி?"

பழைய வெள்ளைப் பாவாடையை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தார்கள். அது அவளுடைய ஒரு கால் அளவுக்கு இருந்தது. தேவசிகாமணி உள்ளே போய், கிறிஸ்மஸுக்கு மட்டும் போடும் தன் வெள்ளைக் கால்சட்டையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் செய்த தியாகங்களில் இதுவே பெரிது என்பதால் ஞானசுந்தரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பயிற்சிக்கு இடம் காப்பிக் களம். அறுவடை முடிந்து, கொட்டை காயப்போடும் சிமெண்டுக் களம் சித்திரை வெயிலில் சும்மா கிடந்தது. சாக்குகளைச் சேர்த்துத் தைத்துக் குறுக்கே கட்டியாயிற்று, வலை. சுண்ணாம்பு நீறு கரைத்துக் கோடு போட்டாயிற்று. எதிரே நின்று ஆடத்தான் ஆள் இல்லை. எஸ்டேட்டில் வேலை செய்யும் பெண்டாட்களுக்கு மேஸ்திரியான வேலம்மாள் தானே வந்து நின்றாள். காப்பிக் கொட்டையைக் கிளறிவிடுகிற நீளக் கைப்பிடி வைத்த பலகை அவள் கையில் இருந்தது.

"இந்தப் பந்தை அந்தப் பக்கம் அனுப்பறதுக்குத்தான் இத்தனை பாடுங்களா? குடுங்க, நானே கொண்டுபோயி அங்க வெச்சுட்டு வந்தர்றேன்."

"வெச்சா செல்லாது வேலம்மா. அடிக்கோணும்."

"யாரை?"

முதல் நாள் ஞானசுந்தரி அடித்த பந்துகளில் பெரும்பாலானவை சாக்கிலேயே பட்டு விழுந்தன. மறுநாள் காலையில் வலது கையைத் தூக்க முடியாமல் இடது கையால் பல் விளக்கினாள். அதற்கு அடுத்த நாள் இடது கையும் வரவில்லை. வேலம்மாள் நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டு, "சாவுறதுன்னு ஆயிப்போச்சு, அதுக்கு எதுக்கும்மா இத்தனை மெனக்கெடறீங்க?" என்று ஆறுதல் சொன்னாள்.

களத்துக்கு ஒரு பக்கம் மேடு, மூன்று பக்கம் சரிவு. கோட்டைத் தாண்டி விழுந்த பந்து காப்பிச் செடிகளுக்குள் உருண்டு, ஓடைக்குள் இறங்கி, மனசு வைத்தால் கீழே செம்மநத்தம் ஊருக்கே போய்ச் சேரும். இருந்ததோ அரை டஜன் பந்து. இறங்கி ஏறித் தேடும் நேரத்தில் மூச்சு வாங்கியது. நான்காம் நாளிலிருந்து ஞானசுந்தரி கோட்டைத் தாண்டி அடிப்பதை விட்டுவிட்டாள். இளவயதில் அவள் பந்தை அறைகிற ரகம். இப்போது கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே கொண்டுபோய் வைத்தாள். திடீரென்று ஒன்றைச் சாக்கைத் தாண்டியதும் பொத்தென்று விழவைத்தாள். பலகையோடு முன்னால் ஓடிவந்த வேலம்மாள், "இது அநியாயமுங்க. ஓட வெச்சு ஏமாத்தறீங்க" என்று பலகையைக் கீழே போட்டாள்.

ஞானசுந்தரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாக்கு வலையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அவள் யாரையாவது ஏமாற்றி எத்தனை காலமாயிற்று!

கோடை விழாவில் முதல் ஆட்டம் ஒரு டாக்டர் மனைவியோடு. அந்த அம்மாள் வெள்ளைப் புடவையில், கூலிங் கிளாசோடு வந்து, பந்து அருகில் வரும்போதெல்லாம் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார். அடுத்தது ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. முதல் செட் முழுக்க, தான் படித்த காலத்தில் ஞானசுந்தரியின் படத்தை நோட்டுக்குள் வைத்திருந்ததைச் சொல்லிக்கொண்டே தோற்றார். இறுதி ஆட்டத்தில் வந்து நின்றவள் இன்பமேரி. சேலத்தில் கல்லூரியில் இரண்டாம் வருடம், பத்தொன்பது வயது, குதிரைவால் ஜடை, உலோக மட்டை. சர்வீஸ் போட்டால் வேலியோரம் உட்கார்ந்திருந்தவர்களே தலையைக் குனிந்தார்கள்.

வலையருகில் கை குலுக்கும்போது, "ஆண்ட்டி, கொஞ்சம் மெதுவாப் போடட்டுங்களா?" என்றாள். கேலியில்லை, உண்மையாகவே கேட்டாள்.

"நீ வேகமாவே போடு கண்ணு. எனக்கு இனி ஆகறதுக்கு என்ன இருக்குது? ஏற்கெனவே போயிட்டேன்."

எஸ்டேட் லாரியில் கொட்டச்சேட்டு ஆட்கள் மொத்தமும் வந்து இறங்கியிருந்தார்கள். சேர்வராயன் கோயிலில் ஞானசுந்தரி பெயருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு நேராக வந்த வேலம்மாள், நெற்றி நிறைய விபூதியோடு முன்வரிசையில், சப் கலெக்டருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். அவளை எழுப்ப யாருக்கும் தைரியம் வரவில்லை. அம்பயர் நாற்காலியில் மாதேஸ்வரன் என்கிற டிரில் மாஸ்டர்.

முதல் செட் ஆரம்பித்த சுவடு தெரியாமல் முடிந்தது. ஆறுக்கு இரண்டு, இன்பமேரிக்கு. பந்து வந்ததை ஞானசுந்தரி பெரும்பாலும் சத்தத்தை வைத்துத்தான் அறிந்தாள். தேவசிகாமணியின் கால்சட்டை இடுப்பில் நழுவிக்கொண்டே இருந்தது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஆடினாள்.

"அம்மா! கவுத்துல இறுக்கிக் கட்டுங்க, அப்புறம் பாருங்க!" என்று வேலம்மாள் கத்தினாள். கத்தியதோடு நிற்காமல், லாரியில் சாக்குக் கட்டுகிற சணல் கயிற்றை வீசினாள். கயிறு கட்டியாயிற்று. இரண்டு கையும் கிடைத்தது.

இரண்டாவது செட்டில் ஞானசுந்தரி களத்து வேலையைக் காட்டினாள். கோட்டுக்குச் சாண் உள்ளே ஒன்று, அந்த மூலைக்கு ஒன்று, இந்த மூலைக்கு ஒன்று, இன்பமேரி பின்னால் போய் நன்றாக ஊன்றி நின்றதும் வலைக்குப் பக்கத்தில் பொத்தென்று ஒன்று. மூன்றாவது பொத்துக்கு இன்பமேரி ஓடிவந்து வலையிலேயே மோதிக்கொண்டாள்.

"ஆண்ட்டி, இது நல்லால்ல!"

"ஏங்கண்ணு, வேகமா ஓடறியே, வேலை குடுக்கோணுமில்ல?"

"ரெண்டு கேமாச் சிரிச்சுக்கிட்டே அடிக்கிறீங்க!"

"தெரியலியே, முகம் அப்படித்தான் இருக்குது."

உண்மைதான். அவளால் சிரிப்பை நிறுத்த முடியவில்லை. முட்டி இரண்டும் தனித்தனியாக அழுதுகொண்டிருந்தன, மூச்சு விசிலடித்தது, சணல் கயிறு வயிற்றை அறுத்தது. ஆனாலும் ஒவ்வொரு பந்து வரும்போதும் மண்டைக்குள் யாரோ மத்தாப்பு கொளுத்தினார்கள். ஆறுக்கு நான்கு, ஞானசுந்தரிக்கு. லாரி ஆட்கள் போட்ட சத்தத்தில் கிளப் கூரையிலிருந்த குரங்குகள் ஏரிப்பக்கம் ஓடிப்போயின.

மூன்றாவது செட்டில் ஐந்துக்கு ஐந்து என்று வந்து நின்றபோது மூடுபனி இறங்கியது. மலையில் பனிக்கு நேரங்காலம் கிடையாது. முதலில் வேலியோரத்துச் சில்வர் ஓக் மரங்கள் காணாமல் போயின. அப்புறம் கோடுகளைப் பார்ப்பதற்காக நிறுத்தியிருந்த இரண்டு எஸ்டேட் துரைமார்கள். அப்புறம் அம்பயர். அப்புறம் வலை.

"ஆட்டத்தை நிறுத்தலாமா?" என்று மாதேஸ்வரன் குரல் மட்டும் கேட்டது.

"வேண்டாம்!" என்று இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் பதில் வந்தது.

காப்பிக் காட்டில் வேலை செய்யும்போது பனி இறங்கினால், ஆட்கள் அவரவர் இருந்த இடத்திலிருந்து 'ஊ...வ்' என்று குரல் கொடுப்பார்கள். இருக்கிறேன், பள்ளத்தில் விழவில்லை என்று அர்த்தம். பனி மூடியதும் லாரி ஆட்கள் பழக்கதோஷத்தில் ஒவ்வொருவராக 'ஊ...வ்' என்றார்கள். வேலம்மாள் 'ஊ...வ்' என்றாள். ஞானசுந்தரியும் கோட்டோரத்திலிருந்து, சர்வீஸை எதிர்பார்த்துக் குனிந்தபடியே, "ஊ...வ்!" என்று முழுக்குரலில் பதில் கொடுத்தாள்.

"ஆட்டக்காரர்கள் கூவக் கூடாது!" என்றது அம்பயர் இருந்த திசை.

எதிர்ப்பக்கத்திலிருந்து தயங்கித் தயங்கி ஒரு 'ஊவ்' வந்தது. "எனக்குப் பயமா இருக்குதுங்க சார்" என்றாள் இன்பமேரி.

அதன்பிறகு டென்னிஸ் காதால் ஆடப்பட்டது. 'டொக்' என்று சத்தம் வரும், ஒன்றும் தெரியாது, பிறகு வெள்ளைக்குள்ளிருந்து வெள்ளையாக ஒரு பந்து மூக்குக்கு முன்னால் பிறக்கும். ஞானசுந்தரி சில பந்துகளை எடுத்தாள், சிலதை விட்டாள், ஒன்றை நெற்றியால் வாங்கினாள். ஆறுக்கு ஐந்து, இன்பமேரி முன்னால். ட்யூஸ். அட்வான்டேஜ், இன்பமேரி. இந்த ஒரு பாயிண்டு அவளுக்குப் போனால் ஆட்டம் முடிந்தது. கோப்பையில் அந்த வார்த்தை நின்றுவிடும்.

ஞானசுந்தரி சர்வீஸ் போட்டாள், டொக் என்று பதில் வந்தது. திருப்பினாள். டொக். திருப்பினாள். டொக். இம்முறை பந்து அவளுடைய இடது பக்கமாக வந்தது. மட்டையை நீட்டினாள், ஒரு விரற்கடை எட்டவில்லை. பந்து தரையைத் தொட்டது. கோட்டிலிருந்து நீறு ஒரு சிட்டிகை புகைந்து எழுந்து பனியோடு கலந்தது.

அதைப் பார்த்தது அவள் ஒருத்திதான்.

"பந்து எங்க விழுந்துச்சு?" என்றார் மாதேஸ்வரன். "கோட்டுக்காரங்க?"

"ஒண்ணும் தெரியலை" என்றது ஒரு துரை. "நான் எங்க இருக்கேன்னே தெரியலை" என்றது இன்னொரு துரை.

"அப்ப அம்மாவே சொல்லிடுங்க. உள்ளயா, வெளியயா?"

லாரி ஆட்களின் மௌனம் 'வெளிய, வெளிய' என்று சொல்வது அவளுக்குக் காதில் விழுகிற மாதிரி இருந்தது. வெளியே என்றால் மறுபடி ட்யூஸ். பனி அவள் கட்சி, காப்பிக் களம் அவள் கட்சி, அந்தப் பெண் பயந்துபோயிருக்கிறாள். ஜெயித்துவிடலாம். ஜெயித்தால் உயிர்.

ஞானசுந்தரி கீழே பார்த்தாள். நீற்றுக் கோட்டில் பந்து பதிந்த இடம் ஒரு பெரிய பொட்டுப் போல அழகாக இருந்தது. என்ன பந்து! இந்த மலையில் இவ்வளவு நல்ல பந்தை அவள் அடித்துத்தான் பார்த்திருக்கிறாள், வாங்கியதில்லை. செத்தவர்கள் வேண்டுமானால் இதை வெளியே என்று சொல்லிக்கொள்ளட்டும்.

"உள்ள!" என்று கத்தினாள். "கோட்டு மேல! நொம்ப நல்ல அடி!"

"அம்மா! குடியைக் கெடுத்தீங்களே!" என்று வேலம்மாள் தலையில் அடித்துக்கொண்டது பனியைத் தாண்டிக் கேட்டது.

பரிசளிப்பு கூடத்துக்குள் நடந்தது. பனி ஜன்னல் வழியாக உள்ளேயும் வந்து உட்கார்ந்திருந்தது. குஞ்சிதபாதம் தட்டச்சு செய்து வைத்திருந்த உரையை எடுத்தார். சூழ்நிலை மாறியிருந்ததை அவர் கவனிக்காமல் இல்லை. ஆனால் தட்டச்சு செய்ததை மாற்றிப் படிக்கும் வழக்கம் அவரிடம் இல்லை.

"இன்று நம்மிடையே இல்லாத திருமதி ஞானசுந்தரி அவர்கள்..." என்று ஆரம்பித்தார். முதல் வரிசையில் கழுத்தில் துண்டோடு, நெற்றியில் பந்தளவு வீக்கத்தோடு, முட்டிக்கு மேல் ஈரத்துணி சுற்றி உட்கார்ந்திருந்த ஞானசுந்தரி ஆர்வமாகக் கேட்டாள். அவளைப் பற்றி நல்லவிதமாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். வாக்கு வாக்குத்தான். தோற்றாயிற்று.

சப் கலெக்டர் கோப்பையை எடுத்து இன்பமேரியிடம் கொடுத்தார். சலங்கை குலுங்கியது. இன்பமேரி வாங்கிக்கொண்டு, பொறித்திருந்ததைப் படித்தாள். ஜடையைப் பின்னால் தள்ளிவிட்டு இன்னொரு தடவை படித்தாள்.

"சார், இதுல ஞானசுந்தரின்னு இருக்கறது இந்த ஆண்ட்டிதானே?"

"ஆமாம்மா."

"நினைவுன்னு இருக்குது."

"அது ஒரு... கமிட்டி தீர்மானம்."

"இவங்க இறந்துட்டாங்கன்னா நான் யாரை சார் ஜெயிச்சேன்?"

குஞ்சிதபாதம் உரையைப் புரட்டிப் பார்த்தார். பின்பக்கத்தையும் பார்த்தார்.

"எதிராளி இல்லைன்னா எனக்கு வாக்ஓவர்தானே சார்? வாக்ஓவர்ல ஜெயிச்ச கோப்பையை எங்க காலேஜ்ல காட்டுனா, பொணத்துக்கிட்ட ஆடி ஜெயிச்சியான்னு கேப்பாங்க. ரெண்டாவது செட்டு நான் தோத்திருக்கேன். யாருகிட்டத் தோத்தேன்? வலையில மோதி மூக்கு வேற வீங்கிருக்கு. நான் மாநில சாம்பியனை ஜெயிச்சேன்னு எழுதிக் குடுங்க. அவங்க உயிரோட இருக்காங்கன்னு எழுதிக் குடுங்க. இல்லைன்னா இந்தக் கோப்பை எனக்கு வேண்டாம்." கோப்பையைச் சப் கலெக்டர் மடியில் திரும்ப வைத்துவிட்டாள்.

"நியாயமான கேள்வி" என்றார் சப் கலெக்டர், மடியில் சலங்கையோடு.

"அப்படிக் கேளு கண்ணு!" என்றாள் பக்கத்து நாற்காலி வேலம்மாள்.

ஆட்சிக்குழு அவசரக் கூட்டத்துக்காகப் பில்லியர்ட்ஸ் மேசையைச் சுற்றிக் கூடியது. கோப்பையை வாங்க ஆள் இல்லாவிட்டால் கோடை விழாவே கேலிக்கூத்து ஆகிவிடும் என்றார் ஒருவர். ஜெயித்தால்தான் ஆதாரம் என்று பேசியிருக்கிறோமே என்றார் குஞ்சிதபாதம். ஜெயித்தவளே சாட்சி சொல்கிறாள், அதைவிட என்ன ஆதாரம் என்றார் இன்னொருவர். அந்த அம்மாள் உயிரோடிருப்பதாக அறிவித்தால் அது இன்று முதலா அல்லது முன்தேதியிட்டா என்பதில் விவாதம் சூடு பிடித்தது.

ஞானசுந்தரிக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. மெதுவாக எழுந்து நொண்டிக்கொண்டே வெளியே வந்தாள். பனி மரங்களின் உச்சிக்கு ஏறி நின்றிருந்தது. கீழே கோர்ட் பளிச்சென்று தெரிந்தது. இன்பமேரியும் பின்னாலேயே வந்துவிட்டாள்.

"ஆண்ட்டி, அந்தக் கடைசிப் பந்து நிஜமா உள்ளதானே?"

"கோட்டு மேல. சத்தியமா."

"நீங்க வெளியன்னு சொல்லிருக்கலாம்."

"சொல்லிருக்கலாம். அப்புறம் அந்தப் பந்தை நீ அடிக்கலீன்னு ஆயிருக்குமில்ல? அத்தனை நல்ல பந்து வீணாப் போறதா?"

இன்பமேரி தரையில் கிடந்த ஒரு பந்தைக் காலால் உருட்டினாள். "அந்தப் பொத்துன்னு விழறது, அதை எனக்குச் சொல்லித் தருவீங்களா?"

"மாட்டேன். அடுத்த மாசம் சேலத்துல ஏதோ டோர்னமெண்டு இருக்குதாமே. அங்க உன்னை மறுபடி ஓட வெக்கோணும்."

"நீங்களும் வர்றீங்களா?"

"பேரு குடுக்கப் போறேன். கால்சட்டைதான் ஒண்ணு தைக்கோணும்."

இருவரும் ஆளுக்கொரு பக்கம் போய் நின்றார்கள். முதல் பந்தை ஞானசுந்தரி வலையில் அடித்தாள், இரண்டாவதை இன்பமேரி வேலிக்கு வெளியே அடித்தாள், இருவரும் மூச்சுவாங்கச் சிரித்தார்கள். அப்போது மாரிசாமி கூடத்திலிருந்து துண்டை ஆட்டிக்கொண்டே ஓடிவந்து கோர்ட்டுக்கு நட்டநடுவில் நின்றான்.

"அம்மா! அம்மா! நீங்க உசுரோட இருக்கறீங்கன்னு தீர்மானம் ஆயிருச்சுங்க! ஏழு பேர்ல ஆறு பேரு கை தூக்கிட்டாங்க!"

"ஒருத்தரு எதிர்த்தாரா?"

"எதிர்க்கலைங்க. குஞ்சிதபாதம் ஐயா நடுநிலையாமுங்க. வெள்ளியைச் சுரண்டறதுக்கு நாளைக்கே செவ்வாய்ப்பேட்டைக்கு ஆள் போகுது. உங்களை உள்ள கூப்படறாங்க. கை தட்டோணுமாம்."

"தட்டச் சொல்லு. இங்க வரைக்கும் கேக்கும்" என்றாள் ஞானசுந்தரி, சணல் கயிற்றை இன்னொரு முடிச்சு இறுக்கி. "இப்ப அக்கட்டால தள்ளி நில்லு மாரிசாமி, உன்ற மேல பட்டுரும். சர்வீஸ் போடு கண்ணு!"